விசாரணை இல்லாத தீர்ப்புகள்: அமெரிக்க–சீனச் சில்லுப் போரின் சட்ட முகம்

2025 அக்டோபர் 9 அன்று சீன வணிக அமைச்சகம் 61ஆம் எண்ணிட்ட அறிவிப்பொன்றை வெளியிட்டது. சீனாவுக்கு வெளியே செய்யப்படும் குறிப்பிட்ட காந்தங்கள் முதலான பொருள்களில், மதிப்பின் அடிப்படையில் 0.1 விழுக்காடு சீன அருமண் தனிமங்கள் இருந்தாலும், அவற்றை வேறொரு நாட்டுக்கு அனுப்பச் சீன அரசின் உரிமம் தேவை என்றது அந்த அறிவிப்பு. அயல்நாட்டுப் படைகளின் பயன்பாட்டுக்குச் செல்பவற்றுக்கு உரிமம் பொதுவாக மறுக்கப்படும் என்றும் கூறியது. ஜெர்மனியில் செய்த காந்தத்தைப் போலந்துக்கு விற்கப் பெய்ஜிங்கின் அனுமதி எதற்கு என்ற கேள்வி உடனே எழுந்தது. அமெரிக்க அதிபர் டிரம்ப் 100 விழுக்காடு கூடுதல் வரி விதிப்பதாக மிரட்டினார்.

கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த விதியின் அச்சு பெய்ஜிங்கில் வார்க்கப்பட்டதன்று. அது வாஷிங்டனில் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருப்பது. சீனா அதைப் படித்து, தன் கையிலிருக்கும் பொருளுக்குப் பொருத்தி எழுதிக்கொண்டது. தொழில்நுட்பத்தையும் பாதுகாப்புக் கொள்கையையும் பற்றிய செய்திகளில் இந்தச் சட்டப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. யார் முந்துகிறார், யார் பின்தங்குகிறார் என்ற பந்தய வருணனையே நமக்குக் கிடைக்கிறது. இக்கட்டுரையில் நாம் அச்சட்டங்கள் இயங்கும் முறையையும், ‘பாதுகாப்பு’ என்ற ஒரு சொல் எந்த உரிமையை ஓசையின்றி எடுத்துவிடுகிறது என்பதையும் விளக்க முயல்கிறோம்.

சில்லு ஏன் போர்க்கருவி ஆயிற்று?

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மையக் கருத்து ‘இரட்டைப் பயன்பாடு’ என்பதாகும். மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படத்தை ஆராயும் கணினிச் சில்லும், ஏவுகணையின் பாதையைக் கணிக்கும் சில்லும் ஒரே வகையினவாக இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கோடு மேலும் மங்கிவிட்டது. பெருமொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் அதே சில்லுகள் அணு ஆயுத உருவகப்படுத்தலுக்கும், மறைகுறி உடைப்புக்கும், கண்காணிப்புக்கும் பயன்படும். படைத்துறை ஆராய்ச்சியையும் குடிமைத் தொழிலையும் இணைக்கும் கொள்கையைச் சீன அரசு வெளிப்படையாகவே பின்பற்றுவதால், சீன நிறுவனம் எதற்கு விற்றாலும் அது படைக்கும் போய்ச் சேரும் என்பது அமெரிக்காவின் வாதம்.

இத்தகைய சில்லுகளைச் செய்யும் திறன் உலகெங்கும் பரவிக் கிடக்கவில்லை. வடிவமைப்பில் அமெரிக்க நிறுவனங்களும், உற்பத்தியில் தைவானின் டிஎஸ்எம்சியும் முன்னிற்கின்றன. மிக நுண்ணிய சுற்றுகளைச் சிலிக்கான் தகட்டில் பொறிக்கத் தேவைப்படும் புறப்புற ஊதா ஒளிப் பொறியை உலகில் ஒரே ஒரு நிறுவனந்தான் செய்கிறது. அது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 முறை லேசரால் தாக்கி, 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உண்டாக்கும் பொறி அது. அதன் ஆடிகள் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்திலிருந்து வருகின்றன. ஒளிமூலத் தொழில்நுட்பத்தின் வேர் அமெரிக்காவின் சான் டியகோவில் உள்ளது. இந்தப் பொறி சீனாவுக்கு ஒன்றுகூட இதுவரை விற்கப்படவில்லை.

உலகமே ஒரு குறுகிய கணவாய் வழியே போக வேண்டியிருந்தால், கணவாயில் நிற்பவர் சுங்கமும் கேட்கலாம், வழியையும் அடைக்கலாம். இவ்வாறு அடைப்பதற்கான அதிகாரத்தைத் தருவது சட்டம்.

எல்லை கடந்து பாயும் விதி

2018இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. வர்த்தகத் துறையின் கீழுள்ள தொழில், பாதுகாப்புப் பணியகம் இதனை நடைமுறைப்படுத்துகிறது. அதன் கையிலுள்ள கருவிகளுள் இரண்டை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, ‘எண்டிட்டி லிஸ்ட்’ எனப்படும் தடைப்பட்டியல். இதில் இடம்பெற்ற நிறுவனத்துக்கு, அமெரிக்கக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளை உரிமமின்றி விற்க முடியாது. 2019 மே மாதம் ஹுவாவே இதில் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, அயல்நாட்டு நேரடி விளைபொருள் விதி. ஒரு பொருள் அமெரிக்காவில் செய்யப்படாமல் இருக்கலாம், அமெரிக்க மண்ணைத் தொடாமலும் இருக்கலாம். எனினும் அதை உருவாக்க அமெரிக்க மென்பொருளோ தொழில்நுட்பமோ பொறியோ பயன்பட்டிருந்தால், குறிப்பிட்ட சூழல்களில் அமெரிக்க உரிமம் வேண்டும் என்பதே இவ்விதி. 2020 மே, ஆகஸ்ட் மாதங்களில் இது ஹுவாவேயைக் குறிவைத்து விரிவாக்கப்பட்டது. தைவானில் தைவானியத் தொழிலாளர்கள் செய்த சில்லைச் சீன நிறுவனம் வாங்குவதை அமெரிக்கச் சட்டம் தடுத்தது. செப்டம்பர் நடுவில் டிஎஸ்எம்சி ஹுவாவேக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது.

2022 அக்டோபர் 7 அன்று வெளியான விதிகள் இதைவிடப் பெரிய பாய்ச்சலாகும். அதுவரை குறிப்பிட்ட நிறுவனங்களே குறியாக இருந்தன. அன்று முதல் முன்னேறிய கணிப்புச் சில்லுகளும், அவற்றைச் செய்யும் பொறிகளும் சீனா என்ற நாட்டுக்கே கட்டுப்படுத்தப்பட்டன. அமெரிக்கக் குடிமக்கள் சீனாவின் முன்னேறிய சில்லு ஆலைகளுக்கு உரிமமின்றித் துணைபுரிவதும் தடுக்கப்பட்டது. 2023இல் ஜப்பானும் நெதர்லாந்தும் தத்தம் விதிகளைக் கொண்டுவந்து இவ்வேலியில் சேர்ந்தன.

பட்டியலில் பெயர் ஏறும் விதம்

ஒருவருக்குப் பாதகமான முடிவை எடுக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இயற்கை நீதியின் முதல் பாடம். தடைப்பட்டியல் இந்தப் பாடத்துக்கு வெளியே நிற்கிறது. வர்த்தகம், வெளியுறவு, பாதுகாப்பு, எரிசக்தி ஆகிய துறைகளின் பிரதிநிதிகளும், தேவைப்படும்போது கருவூலத் துறையினரும் கொண்ட குழு ஒன்று பெரும்பான்மை வாக்கில் பெயரைச் சேர்க்கிறது. பெயரை நீக்கவோ ஒருமித்த வாக்கு வேண்டும். உள்ளே தள்ளப் பெரும்பான்மை போதும், வெளியே வர ஒருவர்கூட மறுக்கக் கூடாது. சேர்க்குமுன் விசாரணை கிடையாது. சேர்த்தபின் நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம், அவ்வளவே.

நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2018ஆம் ஆண்டுச் சட்டம் தன் கீழ் எடுக்கப்படும் நடவடிக்கைகளை நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கியுள்ளது. பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பின்னரே விதி செய்ய வேண்டும் என்ற பிரிவும், நீதிமன்றச் சீராய்வுக்கான பிரிவுகளும் அந்த விலக்கில் அடங்கும். அரசமைப்பு உரிமை மீறப்பட்டது என்று வாதிடும் குறுகலான வழி மட்டுமே எஞ்சுகிறது.

இந்தப் பட்டியல் முழுவதும் அநீதியானது என்று நாம் கூறவில்லை. 2019 அக்டோபரில் சிஞ்சியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் மீதான ஒடுக்குமுறையில் பங்கு கொண்டதற்காக ஹிக்விஷன் உள்ளிட்ட 28 சீன அமைப்புகள் இதே பட்டியலில் சேர்க்கப்பட்டன. முகங்களை இனம்பிரித்து அறியும் கருவிகளை ஒடுக்கும் அரசுக்கு விற்பதைத் தடுப்பது தேவையான செயலே. ஆனால் நல்ல நோக்கத்துக்கும் வணிகப் போட்டிக்கும் ஒரே பட்டியல், ஒரே மூடிய கதவு. எந்தப் பெயர் எதற்காக ஏறியது என்று வெளியிலிருந்து சோதிக்க வழியில்லாதபோது, நேர்மையான சேர்க்கையின் மதிப்பும் குறைந்துவிடுகிறது.

இக்கட்டுப்பாடு பொருள்களோடும் நிற்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை வெளிநாட்டு மாணவர் ஒருவருக்குக் கற்பித்தால், அது அவர் நாட்டுக்கே ஏற்றுமதி செய்ததாகக் கொள்ளப்படும். எல்லை தாண்டாமலே நிகழும் இதற்குக் ‘கருதப்படும் ஏற்றுமதி’ என்று பெயர். 2020 மே 29 அன்று வெளியான அதிபர் பிரகடனம், சீனப் படைத்துறையோடு தொடர்புடையவை எனக் கருதப்பட்ட கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த முதுநிலை மாணவர்களும் ஆய்வாளர்களும் நுழைவதைத் தடுத்தது. 2018 முதல் 2022 பிப்ரவரி வரை நடந்த ‘சீன முன்னெடுப்பு’ என்ற அமெரிக்க நீதித் துறையின் திட்டத்தின் கீழ்ச் சீன வம்சாவளிப் பேராசிரியர்கள் பலர்மீது வழக்குகள் பாய்ந்தன. அவற்றுள் சில கைவிடப்பட்டன, ஒரு வழக்கில் பேராசிரியர் விடுதலை செய்யப்பட்டார். இனப் பாகுபாடு காட்டுகிறது என்ற கண்டனம் எழுந்த பின்னரே அத்திட்டம் மூடப்பட்டது.

இது நமக்குத் தொலைவான கதையும் அன்று. 1998 அணுவெடிச் சோதனைகளுக்குப் பின் இந்திய நிறுவனங்கள் 200க்கு மேற்பட்டவை இதே பட்டியலில் ஏற்றப்பட்டன. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பெயர் 2025 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. அதே மாதத்தில் வெளியான செயற்கை நுண்ணறிவுச் சில்லு விதி உலக நாடுகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்தது. முதல் அடுக்கில் அமெரிக்காவின் 18 கூட்டாளிகள் மட்டுமே இருந்தனர். இந்தியா இரண்டாம் அடுக்கில் வைக்கப்பட்டது. எதிரியும் அல்லாத, கேட்கவும் படாத நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இவ்வளவு சில்லுதான் என்று அளவு குறித்த அவ்விதியை, நடைமுறைக்கு வருமுன்பே 2025 மே மாதம் டிரம்ப் அரசு கைவிட்டது.

எதிராளி கற்றுக்கொண்ட பாடம்

மறுக்கப்பட்டவர் சும்மா இருப்பதில்லை என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. கிரையோஜெனிக் எந்திரத் தொழில்நுட்பத்தை ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் இந்தியாவுக்குத் தர உடன்பட்டபோது, 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீதும் அந்நிறுவனத்தின் மீதும் தடை விதித்தது. ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தராமல் பின்வாங்கி, ஆயத்த எந்திரங்களை மட்டும் விற்றது. மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட இந்திய எந்திரம் 2014 ஜனவரி 5 அன்று வெற்றியாகப் பறந்தது. தடை சுமார் இருபதாண்டுகளைத் தின்றது, ஆனால் முடிவை மாற்றவில்லை.

சீனாவில் காலம் இன்னும் சுருங்கியது. 2023 ஆகஸ்டில் ஹுவாவே வெளியிட்ட கைப்பேசியில், சீனாவின் எஸ்எம்ஐசி ஆலையில் செய்யப்பட்ட 7 நானோமீட்டர் வகைச் சில்லு இருந்தது. என்விடியா நிறுவனம் ஏ100, எச்100 சில்லுகளுக்குத் தடை வந்ததும், விதியின் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு ஏ800, எச்800 என்ற சில்லுகளைச் சீனச் சந்தைக்கென்றே செய்தது. 2023 அக்டோபரில் அவையும் தடுக்கப்பட்டன. அதற்குள் வாங்கப்பட்ட எச்800 சில்லுகளில்தான் சீனாவின் டீப்சீக் தன் மாதிரியைப் பயிற்றுவித்து, 2025 ஜனவரியில் உலகச் சந்தைகளை அதிரவைத்தது. எனினும் தடை பயனற்றது என்று முடிவுகட்டுவதும் தவறு. மிக முன்னேறிய சில்லுகளைப் பேரளவில் செய்வதில் சீனா இன்றும் திணறுகிறது. தடை ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறது, கூடவே தனியே ஓடவும் கற்பிக்கிறது.

அதனினும் முக்கியமாக, தடை செய்யும் கலையையே அது கற்பித்தது. 2020 டிசம்பர் 1 அன்று சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் கேலியம், ஜெர்மானியம் ஆகியவற்றுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்கள் அவ்வரிசையில் சேர்ந்தன. மின்வண்டி எந்திரத்திலும், காற்றாலையிலும், போர் விமானத்திலும், ஏவுகணையிலும் உள்ள காந்தங்கள் கடும் வெப்பத்திலும் வலுவிழக்காமல் இருக்க இவை தேவை. இவற்றைச் சுத்திகரிக்கும் தொழில் கிட்டத்தட்ட முழுவதும் சீனாவிடம் உள்ளது. சில வாரங்களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. அதன் உச்சமே நாம் தொடக்கத்தில் சொன்ன அக்டோபர் அறிவிப்பு. அமெரிக்காவின் எல்லை கடந்த விதி, கணவாயின் மறுமுனையில் நின்றவர் கையில் அப்படியே திரும்பி வந்தது.

பாதுகாப்பா, பேரமா?

2025 ஏப்ரலில் எச்20 என்ற சில்லைச் சீனாவுக்கு விற்க உரிமம் வேண்டும் என்று அமெரிக்க அரசு கூறியது. காரணம் தேசப் பாதுகாப்பு. ஜூலையில் விற்கலாம் என்றது. ஆகஸ்டில், சீன விற்பனை வருவாயில் 15 விழுக்காட்டை அரசுக்குத் தர என்விடியாவும் ஏஎம்டியும் உடன்பட்டன. டிசம்பரில் அதைவிட ஆற்றல்மிக்க எச்200 சில்லுக்கும் 25 விழுக்காட்டுப் பங்கோடு அனுமதி தரப்படும் என்று டிரம்ப் அறிவித்தார்.

சட்ட மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். அமெரிக்க அரசமைப்பின் முதல் உறுப்பு, ஏற்றுமதிப் பொருள்மீது வரி விதிப்பதை நேரடியாகத் தடை செய்கிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டமோ உரிம விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் வசூலிக்கக் கூடாது என்கிறது. ஒரு சில்லு நாட்டுக்கு ஆபத்தானது என்றால், அரசுக்குப் பங்கு கிடைத்தவுடன் அந்த ஆபத்து எப்படி விலகும்? ஆபத்தானது அன்று என்றால், தடை எதற்காக விதிக்கப்பட்டது? ‘பாதுகாப்பு’ என்ற காரணத்தைச் சோதிக்க மன்றம் இல்லாத இடத்தில், அக்காரணம் விலைபேசும் சரக்காக மாறுவதை இந்நிகழ்வு காட்டுகிறது.

2025 அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தனர். அதன்பின் சீனா அக்டோபர் விதிகளை 2026 நவம்பர் வரை நிறுத்திவைத்தது. பட்டியலிலுள்ள நிறுவனங்கள் 50 விழுக்காடும் அதற்கு மேலும் பங்கு வைத்துள்ள துணை நிறுவனங்களுக்கும் தடையை நீட்டித்த தன் விதியை அமெரிக்காவும் ஓராண்டுக்கு நிறுத்தியது. தேசத்தின் உயிர்நாடி என்று சொல்லப்பட்டவை ஒரே சந்திப்பில் ஓராண்டு விடுப்பில் போயின.

முறையிடும் இடம் உலக வர்த்தக அமைப்பல்லவா? சில்லுத் தடைகளை எதிர்த்துச் சீனா 2022 டிசம்பரில் அங்கே முறையிட்டது. காட் ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, இன்றியமையாத பாதுகாப்பு நலன்களுக்காக ஒரு நாடு விதிவிலக்குப் பெற இடம் தருகிறது. அந்த விதிவிலக்கு சரியாகப் பயன்படுத்தப்பட்டதா என்று ஆராய அதிகாரம் உண்டு என 2019இல் உக்ரைன்–ரஷ்யா வழக்கில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. எது பாதுகாப்பு என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும் என்ற நிலையை அமெரிக்கா விடவில்லை. புதிய உறுப்பினர் நியமனத்தை அது தொடர்ந்து தடுத்ததால், மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடக்கிறது. தோற்றவர் இல்லாத மன்றத்துக்கு மேல்முறையீடு செய்துவிட்டுத் தீர்ப்பை நிறைவேற்றாமல் இருக்கலாம்.

கடைசிக் கண்ணி

இவ்வாறு பேரரசுகள் ஒன்றையொன்று அடைக்கும்போது, விலை கொடுப்பவர் யார்? மியான்மரின் கச்சின் மலைகளில் இந்தக் கனரக அருமண் தனிமங்கள் தோண்டப்பட்டுச் சீனாவுக்குச் செல்கின்றன. மலையில் துளையிட்டு, அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றி, வழிந்துவரும் நீரிலிருந்து தனிமத்தைப் பிரிக்கும் முறையால் ஓடைகளும் மண்ணும் நஞ்சாகின்றன. அங்கே உள்நாட்டுப் போர். முறையிட அரசும் இல்லை, மன்றமும் இல்லை.

நம் நாட்டில் மன்றங்கள் இருக்கின்றன. அதனால்தான் அடுத்த செய்தி நம் கவனத்துக்கு உரியது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தின் கடலோரத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் முதலான கனிமங்களை எடுக்க ஐஆர்இஎல் என்ற ஒன்றிய அரசு நிறுவனம் திட்டமிட்டுள்ளது. அருமண் தனிமங்கள் மோனசைட்டில் உள்ளன, கூடவே கதிரியக்கமுள்ள தோரியமும் உள்ளது. அங்குள்ள மீனவ மக்கள் கடுமையாக எதிர்க்கின்றனர். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இத்தகைய திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும்.

2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அலுவலகக் குறிப்பாணை ஒன்றை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியமான, உத்திசார் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அது விலக்களித்தது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டதன்பேரில் இவ்விலக்கு தரப்பட்டது. அருமண் தனிமங்கள் படைத்துறைக்கு இன்றியமையாதவை, அவை உலகில் சில இடங்களிலேயே குவிந்துள்ளன என்பவை காரணங்கள். 2006 அறிவிக்கையிலேயே தேசப் பாதுகாப்பும் ‘பிற உத்திசார் காரணங்களும்’ உள்ள திட்டங்களுக்கு விலக்களிக்கும் உட்பிரிவு இருந்தது. அதன் வாய் இப்போது ஒரு குறிப்பாணையால் அகலத் திறக்கப்பட்டுள்ளது. இதனைத் திரும்பப் பெற வேண்டும் எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

வாஷிங்டனின் பட்டியலுக்கும், பெய்ஜிங்கின் உரிமத்துக்கும், தில்லியின் குறிப்பாணைக்கும் இடையே அளவில் பெரும் வேறுபாடு உண்டு. எனினும் அவற்றின் சட்ட அமைப்பு ஒன்றே. பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் முடிவெடுக்க மூன்றும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைச் சாவியாகக் கொள்கின்றன. சீனா அடைத்துவிட்டது, எனவே நாம் தோண்ட வேண்டும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எங்கே தோண்டுவது, எவ்வாறு தோண்டுவது, தோரியக் கழிவு எங்கே போகும் என்ற கேள்விகளைக் கடலோர மக்கள் கேட்பதால் எந்தப் படையும் வலுவிழந்துவிடாது.

ஆகவே, தொழில்நுட்பப் போட்டி பற்றிய எந்த அறிவிப்பையும் படிக்கும்போது, நாம் மூன்று கேள்விகளை எழுப்பப் பழக வேண்டும். முடிவெடுத்தவர் யார்? அவர் காட்டும் பாதுகாப்புக் காரணத்தைச் சோதிக்கும் அதிகாரம் எந்த மன்றத்துக்கு உண்டு? பாதிக்கப்படுபவர் எந்தக் கட்டத்தில் கேட்கப்பட்டார்? உலக வல்லரசுகளின் பட்டியல்களை மாற்றும் வலிமை இன்று நம்மிடம் இல்லை. கிள்ளியூர் மக்களின் கருத்துக் கேட்புக் கூட்டத்தை மீட்கும் வழிகள் நம்மிடம் உள்ளன. குறிப்பாணையின் படியைப் பெற்றுத் தமிழில் மக்களிடம் கொண்டுசெல்வதும், கிராம சபைகளில் தீர்மானம் இயற்றுவதும், அறிவிக்கையை ஒரு குறிப்பாணை இவ்வளவு விரிக்கலாமா என்று நீதிமன்றத்தில் கேட்பதும் அவ்வழிகள். சட்டம் பயிலும் மாணவர்களும் களத்தில் உள்ள தோழர்களும் சேர்ந்து இப்பணியைத் தொடங்குவதற்கு இதுவே காலம்.